எழுத்திலை தாங்கோ

அவர் யாரையாவது திட்டி நான் கேட்டதில்லை. குரல் உயர்ந்தும் கேட்டதில்லை. ஒருவர் தனக்குச் செய்ததை நெஞ்சில் போட்டு வைத்துக்கொள்வார். பிறகு அந்த ஆள் போட்ட சட்டத்தையே எடுத்து, இம்மியும் பிசகாமல் அதன்படி நடப்பார். அந்த ஆள் கவிழ்ந்து போவார். பழிவாங்க மொட்டைக் கடிதம், கோள், செய்வினை என்று எத்தனையோ வழி இருக்கிறது. கீழ்ப்படிந்தே பழிவாங்கியவர் என்று என் வாழ்க்கையில் நான் கண்டது அவரை மட்டும்தான்.

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வீதியில், ஒரு மேட்டில் இருந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் அவர் தொழில்நுட்ப உத்தியோகத்தர். நான் அங்கே ஆய்வு மாணவி. ஐம்பதைத் தாண்டியவர், ஊர் வடமராட்சிப் பக்கம். இரசாயன ஆய்வுகூடத்தின் கதவு, அலுமாரித் திறப்புகள் எல்லாம் அவரிடம்தான் இருந்தன. நாங்கள் அவரை மிஸ் என்போம். கல்யாணம் ஆனவரா இல்லையா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் அதையும் எழுத்தில் கேட்கச் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

ஏனென்றால் அவர் வாயில் அதிகம் வந்த சொல் அதுதான். "எழுத்திலை தாங்கோ." ஒரு முகவை வேண்டுமா, எழுத்தில். குளிரூட்டியைப் போட வேண்டுமா, எழுத்தில். ஜன்னலைத் திறக்கச் சொன்ன ஒரு விரிவுரையாளரிடமும் அப்படித்தான் சொன்னார். அந்த மனிதர் சிரித்துவிட்டுத் தானே எழுந்துபோய்த் திறந்தார். சிரிக்க வேண்டிய விஷயமில்லை என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

கன்டீன் நடத்தியவர் அலவத்துகொடக்காரர். நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது. ஒருநாள் மிஸ் பாலும் சீனியும் இல்லாத பிளேன்டீ கேட்டதும், வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, "சீனி இல்லாமக் குடிச்சுக் குடிச்சுத்தான் மிஸ்ஸுட மொகத்துல சிரிப்பே இல்லாமப் போயிட்டு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மிஸ் கோப்பையை வாங்கிக்கொண்டு போனார்.

அந்தக் கன்டீன் சுவரில் கன்டீன்காரரே எழுதித் தொங்கவிட்ட ஓர் அறிவித்தல் இருந்தது: தேநீர் அருந்துபவர் அருந்தி முடிக்கும்வரை ஆசனத்தில் இருக்கலாம். மறுநாளிலிருந்து மிஸ் பகல் பன்னிரண்டரைக்கு, கூட்டம் பிதுங்கும் நேரம் பார்த்துப் போனார். கன்டீன்காரர் சோறு போடும் இடத்துக்கு நேர் எதிரே இருந்த கதிரையில் உட்கார்ந்தார். ஒரு பிளேன்டீ. ஐந்து நிமிடத்துக்கு ஒரு மிடறு. சிரிக்காத அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் அந்த மனிதர் மூன்று மாதம் சோறு போட்டார். ஒரு கட்டத்தில் அவருக்கே சிரிப்பு மறந்துபோனது.

"மிஸ், வாய் தவறிச் சொல்லிட்டன். மனசுல வெச்சுக்காதீங்க" என்று கடைசியில் வந்து நின்றார்.

"நான் ஒண்டும் வைச்சிருக்கேல்லை. உங்கடை அறிவித்தலிலை இருக்கிறபடி இருக்கிறன்."

களஞ்சியப் பொறுப்பாளர் கதையும் அப்படித்தான். விண்ணப்பம் மூன்று பிரதியில் இல்லை என்று, உலையில் கைவிடும் தடித்த கையுறையைக் கொடுக்க மறுத்துவிட்டார். மிஸ் மறுநாள் இடது கையுறை ஒன்றுக்கு மூன்று பிரதியும் வலது கையுறை ஒன்றுக்கு மூன்று பிரதியும் கொண்டுபோனார். அதற்கடுத்த நாள் கண்ணாடிக் குழாய்களுக்கு, குழாய் ஒன்றுக்கு மூன்று பிரதி. களஞ்சியக்காரர் கையொப்பம் போட்டே களைத்துப்போனார். இந்தக் கதைகளை எல்லாம் நான் வீட்டில் போய்ச் சொல்லுவேன். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். அப்பா மட்டும், "பாவம், அந்தம்மாவ யாரோ நல்லா நோகடிச்சிருக்காங்க" என்பார்.

அப்பா சொன்னது சரி. நோகடித்தவர் எங்கள் பேராசிரியர்.

நான் அங்கே சேர நான்கு வருடத்துக்கு முன் நடந்ததைக் கன்டீன்காரர்தான் எனக்குச் சொன்னார். சூடேற்றியை அணைக்காமல் விட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று பேராசிரியர் மிஸ்ஸிடம் வாய் வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார். காலையில் வந்து கதவைத் திறந்தால் ஆய்வுகூடத்தின் ஒரு மூலை எரிந்துகொண்டிருந்தது. அணைக்கப் போனதில் மிஸ்ஸின் இடது மணிக்கட்டு வெந்தது. விசாரணையில், "நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்று பேராசிரியர் ஒரே வரியில் முடித்துவிட்டார். மிஸ்ஸுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பதவி உயர்வு நின்றது. இனிமேல் எழுத்து மூலமான பணிப்புரை இன்றி இவர் எதையும் செய்யக்கூடாது என்பது அந்தக் கடிதத்தின் கடைசி வரி. அதைச் சிபாரிசு செய்ததும் பேராசிரியர்தான்.

இன்னொன்றும் நடந்தது. அந்த நேரம் அவர்கள் பலேடியம் என்ற உலோகத்தை வைத்து ஒரு வேலை செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு மூலக்கூறுகளைக் கோத்து ஒன்றாக்கும் இரசாயனத் தாக்கம் அது. மருந்து தயாரிப்பவர்களுக்கு அன்றாடம் வேண்டியது. பலேடியம் ஊக்கியாக இருந்தால்தான் நடக்கும், பலேடியத்தின் விலையோ யானை விலை. அந்த வேலையில் பாதி மிஸ்ஸின் கையால் நடந்தது. கட்டுரை வெளிவந்தபோது அவர் பெயர் இல்லை. விசாரணைக்கு உட்பட்டவரின் பெயர் வேண்டாம் என்று எடுத்துவிட்டார்களாம். மணிக்கட்டுத் தழும்பை மிஸ் கைக்கடிகாரத்தால் மறைத்துக் கட்டியிருப்பார். பெயர் போனதை எதனால் மறைப்பது?

பிறகுதான் பேராசிரியர் தேயிலைக்கு வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் கூட்டித் தள்ளும் தூளை உலையில் கரியாக்கி, அந்தக் கரியையே ஊக்கியாக வைத்து, பலேடியம் இல்லாமல், எந்த உலோகமும் இல்லாமல் அதே தாக்கத்தை நடத்திக் காட்டினார். பத்திரிகைகளில் படம் வந்தது. குப்பைத் தேயிலையிலிருந்து அதிசயக் கரி. அந்தச் செய்தியைப் படித்துத்தான் நான் அங்கே விண்ணப்பித்தேன்.

எனக்கு அது வெறும் ஆய்வு இல்லை. நான் பன்வில பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா தொழிற்சாலையில் உலர்த்தி அறையில் வேலை. நான் சேர்ந்த பிறகு எங்களுக்குத் தூள் வந்தது அப்பாவின் தொழிற்சாலையிலிருந்துதான். தோட்டத்துத் துரையிடம் அனுமதிக் கடிதம் வாங்கி, மாதம் ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, வத்தேகமயில் பஸ் மாறி அப்பாவே கொண்டுவந்து இறக்குவார். லயத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். "நம்ம தூள்ல மருந்து செய்றாங்களாம், நம்ம புள்ளதான் செய்யுது" என்று கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியிலேயே சொன்னார்கள். எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

முதல் நாள் மிஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த இடம் பிள்ளை?"

"பன்வில பக்கம், மிஸ்."

"தோட்டமோ?"

"ஆமா மிஸ். தோட்டந்தான்."

ஒரு சிறு பெட்டியைத் திறந்தார். உள்ளே பன்னிரண்டு அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம், ஒவ்வொன்றிலும் ஒரு சிறு காந்தத் துண்டு. குடுவைக்குள் போட்டால் சுழன்று திரவத்தைக் கலக்குவது அதுதான். மேலே வெள்ளையாக ஓர் உறை இருக்கும், பழசாகப் பழசாகக் கீறல் விழுந்து கறுக்கும். ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நன்றாகக் கறுத்த ஒன்று.

"இது உமக்கு. துலைச்சுப் போடாதையும்" என்றார்.

அன்று மாலை நாலு மணிக்குத் தன் பிளாஸ்க்கிலிருந்து எனக்குப் பிளேன்டீ ஊற்றி, ஒரு துண்டு பனங்கட்டியும் தந்தார். சீனி போடாததன் இரகசியம் அதுதான். அதைக் கடித்துக்கொண்டு குடிப்பார். பிறகு இரண்டு வருடம், நாலு மணி என்றால் எனக்கும் ஒரு துண்டு பனங்கட்டி. அந்தக் காந்தத்தைத் தவிர, எழுத்தில் கேட்காமல் அவர் எனக்குக் கொடுத்தது அது ஒன்றுதான். நான் அவரை நேசித்தேன். இதைச் சொல்லாமல் மேலே போகக்கூடாது.

என் வேலை நன்றாகவே ஓடியது. தாக்கம் நடந்ததா என்று பார்க்க ஒரு மெல்லிய தகட்டில் துளி வைத்துப் புற ஊதா விளக்கின் கீழ் பிடிப்போம். தொடக்கப் பொருட்கள் இரண்டும் இரண்டு புள்ளிகளாகத் தெரியும். தாக்கம் நடந்திருந்தால் மூன்றாவதாக ஒரு புள்ளி. எனக்கு மூன்றாவது புள்ளி வராத நாளே இல்லை. ஒரே ஒரு தடவை, கரி போடாமல் வெறுங்குடுவை ஒன்றையும் வைத்துப் பார்க்கட்டுமா என்று பேராசிரியரிடம் கேட்டேன். "வீணாய் நேரத்தைக் கெடுக்காதையும். அது போன மாணவன் பாத்த விஷயம்" என்றார். போன மாணவன் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. பெரியவர் சொல்லிவிட்டார், விட்டுவிட்டேன். இதற்கு நான் யாரையும் பழி சொல்ல முடியாது.

மிஸ் அந்தப் பேச்சு நடந்தபோது பக்கத்தில் நின்று குடுவை கழுவிக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பவேயில்லை.

இரண்டு வருடம் முடிகிற சமயம் வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வருவதாக ஏற்பாடு. அவர்கள் கண் முன்னால் தாக்கத்தை நடத்திக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் பெரிய ஆய்வுகூடம் ஒன்று கட்ட உதவுவார்கள். பேராசிரியருக்குக் கால் தரையில் இல்லை.

"பழசு ஒண்டும் மேசையிலை இருக்கக்கூடாது" என்று மிஸ்ஸிடம் சொன்னார். "கண்ணாடி, காந்தம், குழாய், எல்லாம் புதுசாய் இருக்கவேணும். வாற ஆக்கள் பாத்து அசந்துபோக வேணும்."

"எழுத்திலை தாங்கோ, சேர்."

"இதுக்குமோ?"

"எல்லாத்துக்கும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

பேராசிரியர் அலுத்துக்கொண்டு ஒரு தாளை இழுத்து எழுதினார். பரிசோதனைக்குரிய அனைத்தும் புதியனவாக இருக்க வேண்டும், பழைய எதுவும் பாவிக்கப்படக்கூடாது. கையொப்பம் வைத்து நீட்டினார். மிஸ் அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு சிரித்தார். அவர் பல் வரிசையை நான் அன்றுதான் பார்த்தேன். வடிவான பல்.

அப்பாவையும் பேராசிரியர் வரச் சொன்னார். தூள் மூட்டையோடு தொழிலாளி ஒருவர் நின்றால் படத்துக்கு நன்றாக இருக்குமாம். அப்பா கல்யாணத்துக்குப் போவது போல வெள்ளைச் சட்டை போட்டு, சவரம் செய்து, மூட்டையைச் சட்டையில் படாமல் தூரப் பிடித்துக்கொண்டு வந்தார். மிஸ் ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார். தன் பிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றி, பனங்கட்டியோடு அப்பாவிடம் கொடுத்தார்.

"நீங்க எதுக்குங்கம்மா செரமப்படுறீங்க" என்று அப்பா எழுந்து நின்றார்.

"இருங்கோ அண்ணை. கன தூரம் வந்தனீங்கள்" என்றார் மிஸ்.

காலை ஒன்பது மணிக்கு வந்தவர்கள் முன்னால் நான் தாக்கத்தைத் தொடங்கினேன். புத்தம் புதுக் குடுவை, பெட்டி உடைத்து எடுத்த வெள்ளை வெளேரென்ற காந்தத் துண்டு. அவர்கள் கண்டிக் குளத்தடி ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது மூன்று மணி. தகட்டை எடுத்து ஊதா விளக்கின் கீழ் பிடித்தேன். ஒரு புள்ளி. இரண்டு புள்ளி. அவ்வளவுதான். இன்னொரு தகடு எடுத்தேன். அதிலும் இரண்டு. மூன்றாம் தகட்டிலும் இரண்டுதான்.

பேராசிரியர் ஆங்கிலத்தில் சிரித்தபடி விளக்கினார். இது மாணவியின் கைப்பிழை, தோட்டப்புறத்திலிருந்து வந்த பிள்ளை, இன்னும் கை பழகவில்லை. சொல்லும்போது விரலால் என்னைக் காட்டினார். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. விரல் தெரியும். மூட்டைக்குப் பக்கத்தில் நின்றவர் மெல்லப் பின்னால் நகர்ந்து சுவரோடு சாய்ந்தார். இரண்டு வருடம் ஒருநாள் தவறாமல் மூன்றாவது புள்ளியைக் காட்டிய கை இது.

அன்று மாலை நானும் அப்பாவும் வத்தேகமயில் பஸ் மாறினோம். பன்வில பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டே அப்பா கேட்டார்.

"நான் கொண்டாந்த தூள்லதான் ஏதும் கோளாறா புள்ள? போன மாசம் மழை, மூட்ட கொஞ்சம் நனைஞ்சிருச்சு. நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

"இல்லப்பா. தூள்ல ஒன்னும் இல்ல."

"வேற மூட்ட கொண்டாந்து தாறேன். நல்லாக் காய வச்சி."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இதை எழுதுகிறேன். மற்றது எல்லாவற்றையும் ஒருவேளை மறந்திருப்பேன்.

திங்கட்கிழமை ஆய்வுகூடத்துக்குப் போனால் பழைய காந்தப் பெட்டி மேசையில் இருந்தது. என் கறுத்த காந்தத்தைப் போட்டுச் செய்தேன். மூன்றாவது புள்ளி பளிச்சென்று வந்தது. அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்யத் தொடங்கியது. ஒவ்வொன்றாக மாற்றினேன். பழைய குடுவை, புதுக் காந்தம்: வரவில்லை. புதுக் குடுவை, பழைய காந்தம்: வந்தது. கடைசியாக, கரியே போடாமல், அப்பாவின் தூளில் ஒரு துகள்கூட இல்லாமல், பழைய காந்தத்தை மட்டும் போட்டேன். வந்தது.

கரி ஒன்றும் செய்யவில்லை. முன்பு செய்த பலேடிய வேலையின் மிச்சம் அந்தப் பழைய காந்தங்களின் கீறல்களுக்குள், கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்தது. சாதாரணமாகக் கழுவினால் போகாது, அரச நீர் என்ற கடும் அமிலக் கலவையில் ஊற வைக்க வேண்டும். தாக்கத்தை நடத்தியது அந்த மிச்சம்தான். வெளிநாடுகளிலும் பெரிய பெரிய ஆய்வுகூடங்கள் இப்படி ஏமாந்திருக்கின்றன என்று பிறகு படித்தேன். எங்கள் கதையில் இன்னொன்று சேர்த்தி. எந்த வேலையிலிருந்து மிஸ்ஸின் பெயரை எடுத்தார்களோ, அந்த வேலைதான் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு பேராசிரியருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

மிஸ் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. ஒரு தாளை எடுத்தேன். காந்தத் துண்டுகள் பற்றி உங்களுக்குத் தெரிந்தவற்றை எனக்கு அறியத் தரவும் என்று எழுதி, கையொப்பம் வைத்துக் கொண்டுபோய் நீட்டினேன். மிஸ் வாசித்தார்.

"திகதி போடேல்லை" என்று திருப்பித் தந்தார்.

போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலை என் மேசையில் ஒரு தடித்த கொப்பியின் பிரதிகள் இருந்தன. எந்த நாள், எந்தத் தாக்கம், எந்த இலக்கக் காந்தம், புள்ளி வந்ததா வரவில்லையா என்று அச்சடித்தது போன்ற எழுத்து. கரி இல்லாமல் அவரே தனியாகச் செய்து பார்த்ததும் இருந்தது. அந்தத் திகதி, நான் அங்கே சேர்வதற்குப் பதினொரு மாதத்துக்கு முந்தையது. நான் சேர்ந்த நாளின் குறிப்பையும் தேடிப் பார்த்தேன். ஒரே வரி: புது மாணவி, பன்வில, 7ஆம் இலக்கம் கொடுத்தேன். எல்லாவற்றிலும் அதிகம் கறுத்தது, ஒருநாளும் புள்ளி தவறாதது ஏழாம் இலக்கம்தான் என்று அதற்கு முந்தைய பக்கத்தில் எழுதியிருந்தது.

நாலு மணிக்குப் பிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தவரிடம் போனேன்.

"நான் வந்த மொத நாளே உங்களுக்குத் தெரியுமா மிஸ்?"

"ஓம்."

"ஏன் சொல்லல?"

"நீர் கேக்கேல்லை. வெறுங்குடுவை ஒண்டு வைச்சுப் பாத்திருக்கலாம். அதுவும் செய்யேல்லை."

"நான் என்ன செஞ்சேன் உங்களுக்கு?"

"ஒண்டும் செய்யேல்லை. நீர் சேரின்ரை மாணவி."

"எங்கப்பா அன்னைக்கு வர்றாருன்னு தெரியும்தானே?"

மூடியில் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"தெரியும். அந்த மனிசனை நினைச்சு ரெண்டு நாள் யோசிச்சனான்."

"அப்பறம்?"

"பிறகும் செய்தன்."

பனங்கட்டித் துண்டை என் பக்கம் தள்ளினார். நான் தொடவில்லை.

பிரதிகளை நிறுவனப் பணிப்பாளரிடம் நானே கொண்டுபோனேன். பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, "என்ரை பேர் கெட்டால் உம்மடை பட்டமும் சேர்ந்து போகும், யோசியும்" என்றார். "போகட்டும் சேர். தோட்டத்துக் கைதானே, பழகிக்கும்" என்றேன். விசாரணை நடந்தது. எல்லாம் புதிதாக இருக்க வேண்டும் என்று பேராசிரியர் எழுதிக் கையொப்பமிட்ட தாள் மேசைக்கு வந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்று இந்த முறை அவரால் சொல்ல முடியவில்லை. தேயிலைக் கரி பற்றிய கட்டுரையை மீளப் பெற்றார்கள். தன் புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் கட்டி வாகனத்தில் அவர் ஏற்றிய நாளில் கன்டீன் வாசலில் நின்று கடைசி வரை பார்த்தேன். இனித்தது. மறைக்க என்ன இருக்கிறது? பக்கத்தில் மிஸ்ஸும் நின்றார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

எனக்கு வேறு ஒருவர் மேற்பார்வையாளரானார். உலோகம் இல்லை என்று நினைக்கும் இடத்தில் உலோகத்தின் மிச்சம் எப்படி ஏமாற்றும் என்பதே என் ஆய்வானது. மிஸ்ஸின் கொப்பி இல்லாமல் அதில் ஓர் அத்தியாயம்கூட நின்றிருக்காது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆய்வேட்டைக் கட்டக் கொடுப்பதற்கு முந்திய வாரம் அவர் என் மேசைக்கு வந்தார். எதையும் யாரிடமும் கேட்காதவர். கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, உம்மடை புத்தகத்திலை என்ரை பேரையும் ஒரு இடத்திலை போடும். ஒருக்காவாவது அச்சிலை வரட்டும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அப்பாவின் வெள்ளைச் சட்டை கண்ணுக்குள் வந்தது.

"எழுத்தில தாங்க, மிஸ்."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலை கடிதம் மேசையில் இருந்தது. திகதி, பொருள், மதிப்புக்குரிய செல்வி என்று எனக்கு விளித்தல், தான் செய்த வேலைகளின் விபரம், தயவுசெய்து என்ற சொல் இரண்டு இடத்தில். கடைசியில் கையொப்பம், அதற்குக் கீழே முழுப்பெயர்.

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் துரையின் பெயர் இருக்கிறது, கன்டீன்காரர் பெயர் இருக்கிறது, அப்பாவின் பெயர் முதலில் இருக்கிறது. ஆய்வுகூட ஊழியர்களுக்கும் நன்றி என்று ஒரு வரியும் இருக்கிறது.

நூலகத்துக்குப் பிரதி வந்த அன்றே மிஸ் போய் எடுத்தார். நான் எதிர் மேசையில் இருந்தேன். நன்றிப் பக்கத்தை விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு வாசித்தார். திரும்பவும் மேலிருந்து வாசித்தார். மூடி வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"கடிதம் கிடைச்சதுதானே?"

"கெடச்சிச்சு மிஸ்."

"போடுவன் எண்டு நீர் எழுத்திலை தரேல்லை. அது என்ரை பிழை" என்றார். அன்று நாலு மணிக்கும் என் மேசையில் பனங்கட்டித் துண்டு இருந்தது.

இப்போது நானும் ஓர் ஆய்வுகூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாய் வருகிறவர்களிடம் முதலில் வெறுங்குடுவை வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். சில நேரம், எழுத்தில் தாருங்கள் என்று என் வாயே சொல்கிறது, சொன்ன பிறகு எனக்கே குளிர்கிறது. மிஸ் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அப்பா இன்றைக்கும் அவரை விசாரிப்பார். "அந்தத் தேத்தண்ணி குடுத்த அம்மா நல்லா இருக்காங்களா?" நான் அப்பாவிடம் ஒன்றும் சொன்னதில்லை.

இவ்வளவு எழுதியவள் அவர் பெயரை ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கடிதம் என் மேசை லாச்சியில்தான் இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்தபோதும் எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். முழுப்பெயர், தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு, பிழையில்லாமல், யாரும் பார்த்து எழுதக்கூடிய தெளிவான எழுத்தில் இருக்கிறது.

மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.